பழைய படகு ஓவியத்துக்கு விலை கணிப்பது எப்படி?

கேள்வி இது: ஹார்டுபோர்டில் வரைந்த ஓர் ஆயில் பெயிண்டிங். முக்கோணங்களும் பட்டைகளுமாக உடைத்து வரைந்த மீன்பிடிப் படகு. பார்த்தால் 1950கள், 60களின் நவீன பாணி. வலது கீழ் மூலையில் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. இது எவ்வளவு பெறும்? அழுக்கைத் துடைத்துவிட்டு விற்கலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: துடைக்காதீர்கள். ஈரத்துணி, எச்சில் தொட்ட பஞ்சு, சோப்பு, ரொட்டித்துண்டு, வெட்டிய வெங்காயம் எதுவுமே வேண்டாம். அந்தக் காலத்து நவீன ஓவியர்களில் பலர் வார்னிஷ் பூசவே இல்லை. பளபளப்பில்லாத வறண்ட பரப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பிக்காசோ, பிராக் ஆகிய ஓவியர்களின் காலத்திலேயே தொடங்கிய பழக்கம் இது. வார்னிஷ் இல்லாததால் தூசியும் புகையும் நேராக வண்ணத்தின் மேலேயே படிந்திருக்கும். துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வரும்.

காரணம் வண்ணத்தின் சரக்கிலேயே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் டியூபில் அடைத்து விற்ற எண்ணெய் வண்ணங்களில் அலுமினியம் ஸ்டியரேட், மக்னீசியம் கார்பனேட் போன்றவற்றைக் கலந்தார்கள். மக்னீசியம் கார்பனேட் காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து, காலப்போக்கில் தண்ணீரில் கரையும் உப்பாக மாறிவிடும். அதனால் அறுபது வருடம் காய்ந்த எண்ணெய் வண்ணம்கூட ஈரப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். அல்ட்ராமரின் நீலமும் காட்மியம் சிவப்பும் இதில் பேர்போனவை. கடல் நீலமும் படகின் சிவப்பும் முதலில் போனால் படகு ஓவியத்தில் மிச்சம் என்ன இருக்கும்? மேலே வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவதும் கூடாது. பூசாமல் விட்ட பரப்பில் வார்னிஷ் ஏறினால் நிறங்கள் கறுத்து ஆழமாகிவிடும், ஓவியர் வைத்த சமன் குலைந்துவிடும். அந்த வார்னிஷைத் திரும்ப எடுக்கும் செலவு சில சமயம் ஓவியத்தின் விலையையே தாண்டும்.

இனி விலை. இந்த வகை ஓவியத்தில் விலையைத் தீர்மானிப்பது ஓவியரின் பெயர். அந்தப் பெயரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஓவியத்தின் பின்பக்கம். முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி "என்ன விலை?" என்று கேட்பவருக்கு யாராலும் உருப்படியான பதில் தர முடியாது.

ஒரு கசப்பான விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் ஹோட்டல் வரவேற்பறை, அலுவலகம், ஃபர்னிச்சர் கடை என்று சுவரை நிரப்புவதற்காகவே ஏராளமான "நவீன" ஓவியங்கள் பட்டறைகளில் தயாராயின. ஒருவர் வானம், ஒருவர் தண்ணீர், ஒருவர் பாய்மரம் என்று பிரித்துப் போட்டுவிட்டு, கீழே ஒரு கற்பனைப் பெயரை எழுதி அனுப்பிவிடுவார்கள். படகும் துறைமுகமும் அவர்களுக்குப் பிடித்த சரக்கு. அடையாளங்கள் இவை: சோபாவுக்கு மேல் மாட்டத் தோதான நீளமான கிடைமட்ட அளவு, ஒரே வேகத்தில் இழுத்த கத்திப் பூச்சு, இரண்டு மூன்று நிறத்தோடு முடிந்துபோகும் திட்டம், பெரிதாகவும் தெளிவாகவும் எழுதிய ஒற்றைப் பெயர், பின்பக்கம் கையால் எழுதாமல் ரப்பர் ஸ்டாம்பால் குத்திய எண். தண்ணீரில் படகின் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். உண்மையாகவே துறைமுகத்தில் உட்கார்ந்து பார்த்த ஓவியர் எவ்வளவு உடைத்து வரைந்தாலும் படகின் எடை தண்ணீரில் அமிழ்ந்திருக்கும். பட்டறைப் படகு தண்ணீரின் மேல் வைத்த பொம்மையாக நிற்கும். இவற்றுக்கும் அலங்கார மதிப்பு உண்டு, அந்தக் கால ஃபர்னிச்சர் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அது வேறு சந்தை.

பின்பக்கத்தில் தொடங்குங்கள்

மேசையில் மெத்தென்ற துணி விரித்து ஓவியத்தைக் கவிழ்த்து வையுங்கள். அதற்கு முன் வண்ணம் எங்காவது செதிலாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தூக்கியிருந்தால் கவிழ்க்கக் கூடாது, சுவரில் சாய்த்து வைத்தே பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபிரேமுக்குப் பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தால் உடனே கிழிக்க வேண்டாம். அதில்தான் ஃபிரேம் போட்டவரின் லேபிள் இருக்கும். காகிதத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் லேபிளைச் சுற்றி விட்டு ஓரமாக வெட்டி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

லேபிளில் முகவரி இருந்தால் அது ஒரு காலண்டர் மாதிரி. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் லேபிள் 1963க்குப் பிந்தையது. "நியூயார்க் 22" என்பதுபோல ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் 1943க்கும் அறுபதுகளுக்கும் இடைப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் நான்கு இலக்க அஞ்சல் எண் 1961இல் வந்தது, ஐந்து இலக்கம் 1993இல். பிரான்ஸில் இன்றுள்ள ஐந்து இலக்க எண் 1972இல். பிரிட்டனின் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு 1959இல் நாரிச் நகரில் சோதனையாகத் தொடங்கி 1974இல்தான் நாடு முழுக்க முடிந்தது. லேபிள் எப்போது ஒட்டியது என்பதைத்தான் இது சொல்லும், ஓவியம் எப்போது வரைந்தது என்பதை அல்ல. கேலரி லேபிள், கண்காட்சி லேபிள், ஃபிரேம் கடை லேபிள் மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கண்காட்சி லேபிளில் பெயர், தலைப்பு, முகவரி, சில சமயம் விலைகூட இருக்கும். தேடல் அங்கேயே முடிந்துவிடலாம். கறுப்பு மையில் ஸ்டென்சில் வைத்து அடித்த எழுத்தும் எண்ணுமான குறியீடு இருந்தால் அது கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் இருப்புக் குறியாக இருக்கலாம். அவர்களிடம் எழுதிக் கேட்கலாம்.

கேன்வாஸ் என்றால் சட்டத்தின் கட்டையில் ஓர் எண்ணும் எழுத்தும் குத்தியிருக்கிறதா பாருங்கள். பிரெஞ்சு அளவு முறையில் எஃப் என்றால் உருவப்படம், பி என்றால் நிலக்காட்சி, எம் என்றால் கடற்காட்சி. "20எஃப்" 73×60 செ.மீ., "20பி" 73×54, "20எம்" 73×50. படகு வரைந்தவர் எம் அளவில்தான் வரைந்திருக்க வேண்டும் என்றில்லை, கையில் கிடைத்ததில் வரைவார்கள். ஆனால் இந்த அளவுகளில் ஏதாவது ஒன்று அச்சாகப் பொருந்தினால் கேன்வாஸ் வாங்கிய இடம் ஐரோப்பா என்று ஊகிக்கலாம். 50.8×61, 61×91.4 என்று வந்தால் அங்குலக் கணக்கு, அதாவது 20×24, 24×36. அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் பிறகு. ஃபிரேம் இல்லாத அளவையே எழுதுங்கள்.

உங்களுடையது ஹார்டுபோர்டு. மேசனைட் என்ற பெயரில் பரவிய இந்தப் பலகையை வில்லியம் மேசன் 1924இல் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கம்பி வலை பதிந்த தடம். சிலர் அந்த வலைப் பக்கத்திலேயே வரைந்தார்கள், கேன்வாஸின் சொரசொரப்பு கிடைக்கும் என்பதால். பலகையில் முதலில் கெடுவது மூலைகள்தான். ஈரம் ஏறினால் ஓரம் உப்பிப் பிரியும், கீழே விழுந்தால் மூலை நசுங்கி வண்ணம் உதிரும். பலகை வளைந்திருக்கிறதா என்று ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள்.

கேன்வாஸை ஆணியால் அடித்திருந்தால் பழையது, ஸ்டேப்ளர் பின் என்றால் புதியது என்று ஒரு பொதுக்கருத்து உண்டு. பாதிதான் சரி. ஐம்பதுகளிலிருந்தே ஸ்டேப்ளர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய கேன்வாஸைப் பிறகு இழுத்துக் கட்டியவர்களும் பின் அடித்திருப்பார்கள். பின்னுக்குப் பக்கத்தில் பழைய ஆணித் துளைகளும் துருக் கறையும் இருந்தால் மறுபடி கட்டியது என்று அர்த்தம்.

லென்ஸ், டார்ச், கையெழுத்து

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வேலை, இது அச்சு இல்லை என்று உறுதி செய்வது. நிறம் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளாக ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஆஃப்செட் அச்சு. தெளித்த மாதிரி நுண்புள்ளிகள் என்றால் இன்க்ஜெட், எனவே மிகவும் புதியது. ஏமாற்றுவது மூன்றாவது வகை: அச்சடித்த படத்தின் மேல் தூரிகைத் தடம் போல மேடு பள்ளம் அழுத்தியோ, நிறமற்ற ஜெல் பூசியோ விற்றவை. உண்மையான ஆயில் பெயிண்டிங்கில் மேடும் நிறமும் ஒன்றாகவே நகரும். வெள்ளைப் பாயின் ஓரத்தில் மேடு முடிகிற இடத்தில் வெள்ளையும் முடியும். போலியில் மேடு பாயைத் தாண்டி வானத்துக்குள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் இது பளிச்சென்று தெரியும். அதே வெளிச்சத்தில் விரிசல், உப்பல், பழைய ஓட்டை அடைத்த இடம், அடியில் மறைந்த இன்னொரு ஓவியத்தின் மேடுகூடத் தெரியலாம்.

கையெழுத்தில் பொறுமையாக இருங்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் ஈர வண்ணத்தில் தூரிகையின் பின்முனையால் கீறிக் கையெழுத்திட்டார்கள். ஈரத்தில் கீறினால் கோட்டின் இரு பக்கமும் உருண்ட சிறு வரப்பு எழும்பும், அடியில் உள்ள நிறம் வழவழப்பாகத் தெரியும். காய்ந்த பிறகு யாராவது கீறியிருந்தால் ஓரம் உடைந்து பொடிந்து இருக்கும், வரப்பு இருக்காது. தூரிகையால் எழுதியது என்றால் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். பின்னணி ஈரமாக இருந்தபோது எழுதியிருந்தால் அந்த நிறம் கொஞ்சம் கலந்திருக்கும். விரிசல் மேல் எழுத்து கடக்கும் இடத்தையும் பாருங்கள். எழுத்தோடு சேர்ந்து விரிசல் பிளந்திருந்தால் எழுத்து முன்பே இருந்தது. எழுத்தின் வண்ணம் விரிசலுக்குள் வழிந்திருந்தால் எழுத்து பிறகு வந்தது, அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

படிக்க முடியாத கையெழுத்தை நேராகவும் சாய்வாகவும் வெளிச்சம் விட்டு நாலைந்து போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். முதல் எழுத்தைவிடக் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள்தான் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், முதல் எழுத்து அலங்காரமாகச் சுழன்றிருக்கும். எனவே கடைசி எழுத்துகளை வைத்து ஓவியர் கையெழுத்துத் தொகுப்புகளில் தேடுங்கள். ஓரத்தில் "57" போல ஆண்டு இருந்து, 7இன் நடுவில் குறுக்குக் கோடு இருந்தால் எழுதியவர் ஐரோப்பியப் பள்ளியில் எழுதப் படித்தவராக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

புற ஊதா விளக்கு வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் என்று போட்டதை வாங்குங்கள். மலிவான 395 விளக்கு எல்லாவற்றையும் ஊதாவாகக் காட்டும், ஒன்றும் புரியாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டறையில் பாருங்கள். பழைய பிசின் வார்னிஷ் பச்சை மஞ்சளாக மங்கலாக ஒளிரும். அதன் மேல் பிறகு செய்த டச்சிங் வேலை கரும் திட்டாகத் தெரியும், பின்னால் சேர்த்த கையெழுத்தும் அப்படியே. ஜிங்க் ஒயிட் மஞ்சள் பச்சையாகப் பிரகாசிக்கும், டைட்டானியம் ஒயிட் இருண்டு ஊதாவாக நிற்கும். ஜிங்க் ஒயிட் நிறைய இருந்தால் கவலைப்பட இடம் உண்டு. அது காலப்போக்கில் கண்ணாடி போல மொறுமொறுப்பாகி, கீழ் அடுக்கிலிருந்து தகடு தகடாகப் பிரியும். நடு நூற்றாண்டு ஓவியங்களில் வெள்ளைப் பாயும் நுரையும் உதிர்ந்திருப்பதைப் பார்த்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

படகு என்ன சொல்கிறது

இதைப் பலர் கவனிப்பதில்லை. எவ்வளவு உடைத்து வரைந்தாலும் மீன்பிடிப் படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஓவியர் பல சமயம் பதிவு எழுத்தை விட்டுவைத்திருப்பார். எழுத்து ஊரைச் சொல்லும். பிரிட்டனில் பிஇசட் என்றால் பென்சான்ஸ், எஸ்எஸ் என்றால் செயின்ட் ஐவ்ஸ், எல்டி (LT) என்றால் லோஸ்டாஃப்ட், பிஎம் என்றால் பிரிக்ஸம். பிரான்ஸில் சிசி கோங்கார்னோ. நெதர்லாந்தில் விடி (VD) ஃபோலன்டம். அங்கேயே ஊர்க் என்ற ஊரின் குறியீடு யுகே, அதைப் பார்த்து பிரிட்டிஷ் ஓவியம் என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. எழுத்து இல்லாவிட்டால் வடிவம் பேசும். உயர்ந்து வளைந்த மூக்கும் தட்டையான அடியும் போர்ச்சுகலின் நசரே கடற்கரை. அணியத்தில் இரண்டு கண் வரைந்து பளிச்சென்ற பட்டைகள் இருந்தால் மால்டாவின் லுஸ்ஸு. வண்ணம் பூசிய பாயும் அகன்ற உடலும் இத்தாலியில் கியோஜா ஊரின் பிராகோஸோ.

இதனால் என்ன பயன்? தேட வேண்டிய ஓவியர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. எஸ்எஸ் எழுத்தோடு ஒரு நவீன பாணி ஓவியம் கிடைத்தால் செயின்ட் ஐவ்ஸ் ஓவியர் வட்டத்தில் தேடலாம். பென் நிக்கல்சன் 1939இல் அங்கே குடியேறினார், பீட்டர் லான்யன் 1964இல் இறக்கும்வரை அந்தப் பகுதியிலேயே வரைந்தார். அதே ஊரில் வாழ்ந்து 1942இல் இறந்த ஆல்ஃபிரட் வாலிஸ், வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளில் கப்பல் பெயிண்டாலும் வீட்டுப் பெயிண்டாலும் படகுகள் வரைந்தவர். எனவே "மலிவான அட்டை, எனவே மலிவான ஓவியம்" என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் வாலிஸ் பெயரில் போலிகள் மலிந்திருக்கின்றன. பெரிய பெயர் தோன்றும்போது ஆசைப்படுவதைவிடச் சந்தேகப்படுவதுதான் நல்லது.

பெயர் தோன்றியதும் பார்க்க வேண்டியது இறந்த ஆண்டு. படகு என்றாலே பலருக்கு நினைவு வரும் டூஃபி 1953இல் இறந்தார், ஜான் மாரின் 1953, நிக்கோலா த ஸ்டால் 1955, ஃபைனிங்கர் 1956. கூரான கறுப்புக் கோடுகளால் கீறிய துறைமுகம் என்றால் பெர்னார் புஃபே என்பார்கள். அவர் 1999வரை இருந்தார், ஆனால் ஐம்பதுகளிலேயே அவரைப் போல வரைந்தவர்கள் ஏராளம். பாணி ஒத்துப்போவது ஓர் ஆதாரமே அல்ல.

ஆய்வகம் எப்போது தேவை

பெயர் பெரியதாகவும் மற்ற ஆதாரங்கள் பொருந்தியும் வந்தால் மட்டும். சாதாரண ஓவியத்துக்கு ஆய்வகச் செலவு வீண். ஆய்வகம் பெரும்பாலும் "இவர் வரைந்தார்" என்று சொல்லாது, "இந்தத் தேதிக்கு முன் இருக்க முடியாது" என்றுதான் சொல்லும். செயற்கை நிறமிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃப்தாலோ நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது, ஃப்தாலோ பச்சை 1938இல், குவினாக்ரிடோன் சிவப்புகள் 1958இல். 1949 என்று தேதியிட்ட ஓவியத்தில் குவினாக்ரிடோன் இருந்தால், அந்த இடத்தில் பின்னால் டச்சிங் செய்யவில்லை என்று உறுதியானால், தேதி பொய். போலி ஓவியங்கள் வரைந்து விற்ற வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி பிடிபட்டது இப்படித்தான். 1914இல் ஜெர்மன் ஓவியர் காம்பென்டாங்க் வரைந்ததாக 2006இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விற்ற ஓவியத்தில் அந்த ஆண்டில் கிடைத்திருக்க முடியாத டைட்டானியம் ஒயிட் இருந்தது. பெல்ட்ராக்கி பின்பக்கத்தில் பழைய சேகரிப்பாளர் பெயரில் போலி லேபிளும் ஒட்டினார் என்பதையும் நினைவில் வையுங்கள். லேபிள் நமக்கு வழி காட்டும், சாட்சி சொல்லாது.

நடு நூற்றாண்டுக்கு இன்னொரு சோதனை கைகொடுக்கும். ஐம்பதுகளில் பெருகிய அணுகுண்டு சோதனைகள் காற்றிலுள்ள கார்பன்-14ஐ 1963வாக்கில் ஏறத்தாழ இரு மடங்காக்கின. அந்தச் சோதனைகளுக்குப் பின் வளர்ந்த பருத்தி, ஆளி எல்லாவற்றிலும் அந்தத் தடம் இருக்கும். வெனிஸில் உள்ள பெகி குகென்ஹைம் சேகரிப்பில் பிரெஞ்சு ஓவியர் லெஜே பெயரில் இருந்த ஓர் ஓவியத்தின் கேன்வாஸ் 1959க்குப் பின் நெய்தது என்று 2014இல் இப்படித்தான் தெரிந்தது. லெஜே இறந்தது 1955இல்.

விலைக்கு வருவோம்

பெயர் உறுதியான பிறகு ஒப்பீடு. இணையத்தில் கேட்கும் விலை விலையல்ல, விற்ற விலைதான் விலை. ஏல முடிவுத் தரவுத்தளங்களில் அதே ஓவியர், எண்ணெய் வண்ணம், அதே பத்தாண்டு, நெருங்கிய அளவு, படகு அல்லது துறைமுகம் என்று வடிகட்டுங்கள். கடைசி ஐந்து ஆண்டில் ஐந்தாறு விற்பனை கிடைத்தால் போதுமானது. காகிதத்தில் வரைந்த வாட்டர்கலரையும் லித்தோ அச்சையும் ஒப்பிடக் கூடாது. விற்காமல் போனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், சந்தை எங்கே மறுத்தது என்பதை அவைதான் காட்டும்.

கற்பனை எண்களில் ஓர் உதாரணம். ஒருவரின் 1958ஆம் ஆண்டுத் துறைமுகம் 60×90 செ.மீ., விலை 100. 1961இல் வரைந்த 40×50 படகு, 55. எழுபதுகளின் 60×90 படகு, 40. 120 எதிர்பார்த்த ஒன்று விற்கவில்லை. உங்களிடம் இருப்பது 1959, அளவு 50×73, மூலை நசுங்கியது. நல்ல நிலையில் இருந்தால் 70 முதல் 85 என்று வைத்து, பழுதுக்காக 50 முதல் 65 என்று இறக்கலாம். பரப்பு இரண்டு மடங்கானால் விலையும் இரண்டு மடங்காகாது என்பதையும் கவனியுங்கள். ஓவியரின் உச்ச ஆண்டுகள் எவை என்பது அளவைவிட அதிகம் பேசும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏலம் எடுப்பவர் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் ஏல நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறார், சாதாரணமாக 20 முதல் 30 சதவீதம். தரவுத்தளங்கள் பல சமயம் பிரீமியம் சேர்த்த தொகையைக் காட்டும், ஏலத்துக்கு முந்தைய எதிர்பார்ப்பு விலையோ பிரீமியம் சேராதது. இரண்டையும் ஒப்பிட்டால் "எதிர்பார்த்ததைவிட எல்லாமே அதிகம் போகிறது" என்ற பிரமை வரும். 25 சதவீத பிரீமியம் என்றால் 1.25ஆல் வகுத்துவிடுங்கள். விற்பவரிடமும் கமிஷன் உண்டு. 15 சதவீதம் என்றால் சுத்தியல் 100இல் உங்கள் கைக்கு 85, அதிலும் போட்டோ, காப்பீடு, போக்குவரத்து கழியும். வாங்குபவர் கொடுப்பது 125. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை மறுவிற்பனை உரிமைத் தொகையும், அதாவது ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ போகும் பங்கும், சேரலாம். நடு நூற்றாண்டு ஓவியர்களில் பெரும்பாலோர் இன்னும் அதற்குள் வருகிறார்கள்.

பழுதுக்கு எவ்வளவு குறைப்பது? அழுக்கு, மஞ்சளான வார்னிஷ், ஆட்டம் கண்ட ஃபிரேம் ஆகியவை விலையை அதிகம் பாதிக்காது. வாங்குபவர் சரிசெய்துகொள்வார், சொல்லப்போனால் யாரும் கை வைக்காத ஓவியத்தையே வியாபாரிகள் விரும்புகிறார்கள். நடுவில் உதிர்ந்த வண்ணம், கிழிந்த கேன்வாஸ், பலகை பிளந்தது ஆகியவை கடுமையாக அடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது மட்டமான ரெஸ்டரேஷன். யாரோ வானம் முழுக்கப் புதிதாகப் பூசியிருந்தால் பாதி விலைக்கு மேல் போய்விடும். வெட்டிச் சிறிதாக்கிய ஓவியமும் அப்படியே: கையெழுத்து ஓரத்தை ஒட்டி இருந்தாலோ, படகின் அமரம், அதாவது பின்பக்கம், இயல்பில்லாத இடத்தில் அறுந்தாலோ விளிம்பைப் பாருங்கள்.

எந்த மதிப்பு வேண்டும் என்பதையும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். காப்பீட்டுக்கு எழுதுவது கேலரியில் இதேபோல ஒன்றைத் திரும்ப வாங்க ஆகும் தொகை. சொத்துப் பிரிப்புக்கும் வரிக்கும் எழுதுவது, கட்டாயமில்லாமல் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒத்துக்கொள்ளும் சந்தை விலை. முன்னது பின்னதைவிட இரண்டு மடங்காக இருப்பதும் சகஜம். காப்பீட்டுச் சான்றிதழைக் காட்டி "இவ்வளவு மதிப்பு" என்று விற்கப் போனால் ஏமாற்றம்தான்.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது அனுப்ப வேண்டியவை: முன்பக்கம் முழுதாக, பின்பக்கம் முழுதாக, நான்கு மூலைகள், கையெழுத்து, எல்லா லேபிளும், சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, பழுதான இடங்கள், அளவு, யாரிடமிருந்து வந்தது என்ற தகவல். பழைய ரசீது, கடிதம், பின்னணியில் இந்த ஓவியம் மாட்டியிருக்கும் குடும்பப் போட்டோ எதுவும் உதவும். கட்டணம் மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ இருக்க வேண்டும். ஓவிய மதிப்பில் இத்தனை சதவீதம் என்பவரிடம் போகாதீர்கள், அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான யுஎஸ்பாப் தொழில் நெறிமுறையில் அதற்குத் தடையே உண்டு. மதிப்பிட்டவரே "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றால் அந்த மதிப்பீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏல நிறுவனங்கள் போட்டோ பார்த்து இலவசமாக உத்தேச விலை சொல்லும், இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். அவர்கள் பட்டியலில் "கையெழுத்திட்டது" என்பதற்கும் "கையெழுத்து காணப்படுகிறது" என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் நிறுவனம் கையெழுத்தை ஓவியருடையதாக ஏற்கிறது, பின்னதில் பொறுப்பெடுக்கவில்லை.

எல்லாம் செய்தும் பெயர் கிடைக்கவில்லை என்றால், படகு எந்தக் கடற்கரையுடையது என்று தெரிந்திருந்தால், அந்தப் பகுதி ஏலத்துக்கு அனுப்புங்கள். தங்கள் துறைமுகத்தை அடையாளம் காணும் வாங்குபவர் அங்கேதான் இருப்பார், கையெழுத்தை அடையாளம் காண்பவரும் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அனுப்பும்போது பபிள் ரேப்பை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றாதீர்கள், குமிழ் வட்டங்கள் வண்ணத்தில் பதிந்துவிடும். மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து, முன்பக்கத்தில் எதுவும் படாதபடி பெட்டிக்குள் நிறுத்தி அனுப்புங்கள்.